மழைநாளில் அலையேறலாமா?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்த இரண்டு மாதங்களிலும் தனுஷ்கோடிக் கரையில் கடல் தன் சுபாவத்தையே மாற்றிக்கொள்கிறது. அவ்விடத்து மீனவர்கள் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கேயுள்ள கடலைப் பெண் கடல் என்றும் அழைப்பார்கள். தென்றல் காலத்தில் ஆர்ப்பரிப்பது ஆண் கடல். அப்போது பெண் கடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று எழுந்துவிட்டாலோ, அந்தச் சாதுக் கடல் போடுகிற கூச்சலைக் கேட்க வேண்டுமே!

இப்படிச் சீறும் கடலைக் கண்டால் பெரியவர்கள் பத்தடி பின்னால் நகருவார்கள். இக்காலத்து வாலிபர்களில் சிலரோ, ஆள் உயரப் பலகையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறார்கள். அலைச்சறுக்கு என்னும் விளையாட்டைத்தான் சொல்லுகிறோம்.

இந்த விளையாட்டு பசிபிக் சமுத்திரத் தீவுகளில் வளர்ந்தது. ஆயினும் நமக்கு அந்நியமானதென்று தள்ளிவிடுவதற்கில்லை. சில மரங்களைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் நின்று அலையைக் கடக்கும் வித்தை நம் கடற்கரையாருக்குப் பரம்பரைச் சொத்து. ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் தங்கள் அகராதியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன், கப்பலில் வந்திறங்கிய துரைமார்கள் அலையைத் தாண்டிக் கரை சேர மசூலாப் படகுக்காரர்களையே நம்பியிருந்தார்கள். கோவளத்து மீனவ இளைஞர்கள் இன்று பலகையேறிப் பெயர் வாங்குவதில் ஆச்சரியம் என்ன? 2025 ஆகஸ்டு மாதம் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அதில் கர்நாடகத்து வீரர் ரமேஷ் பூதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். ராமேசுவரம் வட்டாரத்திலும் பலகைமேல் நின்று துடுப்புப் போடும் விளையாட்டும், பெரிய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் விரையும் விளையாட்டும் காலூன்றிவிட்டன. நம் பிள்ளைகள் கடலைக் கண்டு அஞ்சாதவர்களாக வளருவது தேசத்துக்கு நல்லதே.

ஆனால் மழைநாளில் அலையேறலாமா? இந்தக் கேள்விக்கு உடனே தோன்றும் பதில், “முழுகிப் போய்விட்டால் என்ன செய்வது?” என்பதுதான். அந்த அச்சம் நியாயமானது. அரிச்சல்முனையில் இரு கடல்களும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் மிகக் கொடியது. அங்கே இறங்கலாகாது என்று அதிகாரிகளும் எச்சரிக்கிறார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு ஊரையும் ரயிலையும் ஒருங்கே விழுங்கிய கடல் அது. அதன் பலத்தை யாரும் நமக்குப் போதிக்க வேண்டியதில்லை. புயல் கிளம்பினால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. எழுத்தறியாதவரும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்.

கூண்டை இறக்கிய பிறகு எஞ்சியிருக்கும் ஆபத்தைப் பற்றித்தான் இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம். அதற்குக் கூச்சல் கிடையாது, கூண்டும் கிடையாது. மழை விட்டு, வெயில் அடித்து, அலை அழகாக வரும் நாளில் அது நீருக்குள் இருக்கிறது.

2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு ஜலமும் எங்கே போயிருக்கும்? தெருவில் கிடந்த குப்பை, சாக்கடையில் தேங்கிய கழிவு, மலக்குழியில் நிரம்பி வழிந்தது, ஆடுமாடுகள் விட்டுச் சென்றது ஆகிய எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு பள்ளம் நாடி ஓடும் நீர், தீவில் வேறு எங்கே போகும்? கடலுக்குத்தான். அக்கினி தீர்த்தத்தில் கழிவுநீர் கலக்கிறது என்ற முறையீடு நீதிமன்றம் வரை சென்றது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். மழை ஓய்ந்த சில வாரங்களில் தை அமாவாசை வருகிறது. பலகையேறும் பையனுக்கு நேருவது, பக்தியோடு முழுக்குப் போடும் பாட்டிக்கும் நேரக்கூடியதே.

இதே மழை தனுஷ்கோடி மணல்மேட்டில் பெய்தால் என்ன ஆகிறது பாருங்கள். மணல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. உப்புநீரைவிட நல்ல நீர் இலேசானதாகையால், கீழேயுள்ள கடல்நீரின்மேல் அது மிதந்து நிற்கிறது. கடலுக்குச் சில கஜ தூரத்திலேயே மீனவர்கள் கையால் ஊற்றுத் தோண்டி அந்த நீரைப் பருகுகிறார்கள். வானம் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். ஓரிடத்தில் அமுதமாவது மற்றோரிடத்தில் நோயாவதற்கு, இடையிலே நாம் போட்டு வைத்த குப்பைதான் காரணம். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு அந்த மணலுக்கும் ஜனக்கூட்டம் வந்துவிட்டது. கூட்டத்தோடு பிளாஸ்டிக்கும் வந்துவிட்டது.

கடல் பெரிது, அசுத்தம் கரைந்துவிடும் என்பார் உண்டு. கரையும், ஆனால் உடனே கரைவதில்லை. அலைச்சறுக்குக்காரரோ கரையோரத்திலேயே, அலை உடையும் இடத்திலேயே மணிக்கணக்கில் விழுந்து எழுகிறவர். நீந்துகிறவரைவிடப் பத்து மடங்கு கடல்நீர் அவர் வாய்க்குள் போகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் எக்ஸிடர் சர்வகலாசாலையார் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், அலையேறுவோர் 143 பேரையும் ஏறாதவர் 130 பேரையும் பரிசோதித்தார்கள். மருந்துக்கு மசியாத ஒருவகைக் குடல் கிருமி முதற்கூட்டத்தில் நூற்றுக்கு 9 பேரிடமும், மற்றதில் 3 பேரிடமும் இருந்தது. கலிபோர்னியாவில் சான் டியேகோ கரையில் நடந்த ஆராய்ச்சியிலும், மழைக்குப்பின் கடலில் இறங்கியவர்களுக்கு வயிற்றுக் கோளாறும் காது நோவும் அதிகமென்று கண்டார்கள். மழை பெய்த பிறகு மூன்று நாள் கடலில் இறங்காதீர்கள் என்று அந்த மாகாணத்துச் சுகாதார இலாகாக்கள் எச்சரிப்பது வழக்கம்.

பணமிருந்தால் மட்டும் இது தீர்ந்துவிடுவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக ஸேன் நதியைச் சுத்தம் செய்ய 100 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டார்கள். அப்படியும் மழை பெய்ததால் நீர் கெட்டு, ஆடவர் மும்முனைப் போட்டியை ஜூலை 30ஆம் தேதியிலிருந்து மறுநாளுக்கு ஒத்திவைக்க நேர்ந்தது. ஆனால் அவர்கள் தினந்தோறும் நீரைச் சோதித்தார்கள், முடிவை ஒளிக்கவில்லை. நாம் கற்க வேண்டியது அதைத்தான்.

நம் தேசத்திலும் அளவுகோல் இல்லாமலில்லை. குளிப்பதற்கும் நீர் விளையாட்டுக்கும் உரிய கடல்நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிபார்ம் கிருமி 100 என்ற அளவுக்குள் இருக்க வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடி பெற்றது. அக்கொடி பறக்கும் கரையில் சோதனை முடிவைப் பலகையில் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை எடுத்த நீர், நேற்றுப் பெய்த மழையைப் பற்றி என்ன சொல்லும்? மழைக்குப்பின் சோதனை வேண்டும். சோதனைச்சாலையில் கிருமியை வளர்த்துக் கணக்கிட ஒன்றிரண்டு நாள் பிடிக்குமாகையால், அதுவரை “இன்று இறங்காதீர்” என்று ஓர் அடையாளம் கரையில் தொங்க வேண்டும். புயலுக்குக் கூண்டு ஏற்றத் தெரிந்த நமக்கு, அசுத்தத்துக்கு ஒரு கொடி ஏற்றுவது பெரிய காரியமா? ராமேசுவரத்திலிருந்து கோவளம் வரை நகரசபைகளும் பஞ்சாயத்துக்களும் இதை மேற்கொள்ளலாம்.

வாலிபர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் கரையில், சாக்கடை கலந்த அலையில் விளையாடிச் சலித்தவர்களே 1990இல் ஒரு சங்கம் கண்டு, சர்க்காரின் காதில் விழும்படி போராடினார்கள். கடலை நாள்தோறும் தொடுகிறவனுக்கே அதன் நோய் முதலில் தெரிகிறது.

அதுவரையில் குடும்பத்தார் செய்யக்கூடியது எளிது. பெருமழை பெய்தால் மூன்று நாள் பலகையைச் சுவரில் சாத்தி வையுங்கள். கால்வாயோ சாக்கடையோ சேரும் முகத்தில் எந்நாளும் இறங்க வேண்டாம். ஆறாத புண் உள்ளவர்கள் ஆறும் வரை பொறுக்கட்டும். கரையேறியதும் நல்ல நீரில் குளிக்கட்டும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால், கடலில் இறங்கியதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது பழமொழி. கடல்நீர் கெட்டுவிட்டது என்று நாம் முணுமுணுப்பது அதைப் பழிப்பதே ஆகும். நம் வீட்டு வாசல் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று இந்த மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?