சிறுநீரகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள் டாக்டர்!

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போன தடவை பேருந்துக் கட்டணம், அதற்கு முந்தின தடவை ஐ.பி.எல். ஏலம் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று டாக்டர் வேஷம் கட்டிவிட்டானோ என்று பயப்பட வேண்டாம். நான் டாக்டர் இல்லை. இதில் இருப்பது எங்கள் குடும்பத்தின் அனுபவமும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும்தான். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் பெரியம்மா மகளுக்கு ஒரு பையன். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடும். டாக்டர்கள் அதை டெட்ராலஜி என்றார்கள். ஏழாவது மாதம் ஆபரேஷன். அப்போது அவன் எடை 5 கிலோ. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு போய்விட்டதால் பணக்கவலை பெரிதாக இல்லை. நான் அப்போது முதல் வருடம். செமஸ்டர் லீவு என்பதால் ஆஸ்பத்திரி வராண்டாவில் காவல் எனக்கு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உதடு சிவந்துவிட்டது என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் ராத்திரி ஒரு சிஸ்டர் வெளியே வந்து, "குழந்தைக்கு யூரின் சரியா போகல, டாக்டர் பேசணும்னு சொல்றாரு" என்றார். எங்களில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. இதயத்துக்குத்தானே ஆபரேஷன்? சிறுநீரகம் எங்கிருந்து வந்தது? மாமா அதையே டாக்டரிடம் கேட்டார். அவர் பாவம், நின்றபடியே இரண்டு நிமிஷம் விளக்கிவிட்டு உள்ளே ஓடினார். வயிற்றில் ஒரு குழாய் போட்டு நான்கு நாள் டயாலிசிஸ் செய்தார்கள். ஐந்தாம் நாள் யூரின் வந்தது. ஒரு குழந்தை சிறுநீர் கழித்ததற்காக ஒரு குடும்பமே சாமிக்குத் தேங்காய் உடைத்தது எங்கள் வீட்டில்தான் இருக்கும் :-)

பிறகுதான் தெரிந்தது, இது அபூர்வம் இல்லை என்று. வட அமெரிக்காவில் மூன்று குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து, ஒரு மாதம் முதல் 18 வயது வரை உள்ள 311 பேரைத் தொடர்ந்து பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். இதய ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாளுக்குள் 42 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் சிறுநீரகப் பாதிப்பு. நூற்றுக்கு நாற்பத்திரண்டு! இதில் பெரும்பாலானவை லேசானவை, தானாகச் சரியாகிவிடுபவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை.

ஏன் வருகிறது? இதயத்தைத் திறந்து தைக்க வேண்டுமானால் அதை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் ரத்தத்தைச் சுற்றவிடும் வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற மருத்துவர் இதை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தியபோது நோயாளி 18 வயதுப் பெண். எங்கள் பையனோ 5 கிலோ. அவன் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 400 மி.லி., அரை லிட்டர் பால் பாக்கெட் அளவுகூட இல்லை. அது பிளாஸ்டிக் குழாய்களில் ஓடும்போது ரத்த அணுக்கள் உடைகின்றன, உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தின் அளவும் அழுத்தமும் மாறுகின்றன. ஆபரேஷன் முடிந்த பிறகும் இதயம் ஓரிரு நாள் சோர்ந்து துடித்தால் சிறுநீரகம் இன்னும் பட்டினி கிடக்கும்.

இனி அபாயக் காரணிகள். ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்பவை இவை: வயது குறைவு, எடை குறைவு, சிக்கலான இதயக் கோளாறு, இயந்திரத்தில் அதிக நேரம் இருந்தது, ஆபரேஷனுக்கு முன்பே உடல்நிலை மோசமாக இருந்தது, பிறகு ரத்த அழுத்தம் இறங்கியது, கிருமித் தொற்று, உடம்பில் நீர் சேர்ந்தது, சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்துகள். நான் சொன்ன 311 பேர் ஆய்வில், இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு ஒப்பிட்டால் பெரிய பிள்ளைகளுக்கு வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது. இயந்திர நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடியது.

இந்தப் பட்டியலை ஒரு அப்பா அம்மா படித்தால் என்ன நினைப்பார்கள்? "அப்படியானால் இரண்டு வயசு ஆகட்டும், பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்வோம்" என்று தோன்றும். மாமாவே அப்படிச் சொன்னார். ஆனால் அது தப்புக் கணக்கு. இதயம் தடுமாறிக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் காத்திருப்பதே ஒரு ஆபத்து. அதே மாதிரி, இயந்திர நேரத்தைக் குறைக்கிறேன் என்று அவசர அவசரமாகத் தைத்துவிட்டு, சரிசெய்யாத கோளாறை மிச்சம் வைத்தால் இதயமும் போகும், சிறுநீரகமும் போகும். அபாயக் காரணி என்றாலே தவிர்க்க வேண்டியது என்று அர்த்தம் இல்லை.

இங்கேதான் என் பி.காம். மூளை கொஞ்சம் வேலை செய்தது. அடக்கவிலைக் கணக்கில் செலவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுவார்கள்: கட்டுப்படுத்தக்கூடியது, கட்டுப்படுத்த முடியாதது. வாடகை ஏறியதற்காக ஃபோர்மேனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கச்சாப்பொருள் வீணானால் அவரைக் கேட்கலாம். மேலே உள்ள பட்டியலையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். வயது, எடை, கோளாறின் வகை எல்லாம் வாடகை மாதிரி. நீர்க்கணக்கு, மருந்துக் கணக்கு, சீக்கிரம் கண்டுபிடிப்பது, வீட்டுக்குப் போன பிறகு கவனிப்பது ஆகியவை நம் கையில் இருப்பவை. என் கருத்து இதுதான்: இந்த இரண்டாவது பாதியில் மிகப்பெரிய மருத்துவ மேதைமை எதுவும் தேவையில்லை. ஒழுங்காகக் கணக்கு எழுதினாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் அதைத்தான் நாம் கோட்டைவிடுகிறோம்.

முதலில் நீர்க்கணக்கு. உள்ளே போனது வரவு, வெளியே வந்தது செலவு. மிச்சம் குழந்தையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து மணி. 5 கிலோ குழந்தைக்கு அது வெறும் அரை லிட்டர். உலக அளவில் பின்பற்றப்படும் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி.க்கும் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் போனாலே சிறுநீரகப் பாதிப்பு தொடங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டும். எங்கள் பையனுக்கு அந்த எல்லை, ஆறு மணி நேரத்துக்கும் சேர்த்து 15 மி.லி. ஒரு மேசைக்கரண்டி! இவ்வளவு சின்ன கணக்கை மணிக்கு மணி எழுதிய அந்த சிஸ்டர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அடுத்தது கண்டுபிடிப்பது. வழக்கமான வழி ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது. இது நம்ம கம்பெனி பேலன்ஸ் ஷீட் மாதிரி. நஷ்டம் என்றோ ஆரம்பித்திருக்கும், ஷீட்டில் தெரிவது பிறகுதான். சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்தே கிரியேட்டினின் ஏறும். போதாததற்கு, உடம்பில் நீர் சேர்ந்திருந்தால் தண்ணீர் கலந்த பால் மாதிரி அளவு நீர்த்துப்போய், நிலைமை நன்றாக இருப்பதாகவே காட்டும். 2005-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிரசாத் தேவராஜன் குழுவினர் இதய ஆபரேஷன் ஆன 71 குழந்தைகளைச் சோதித்தார்கள். 20 பேருக்குப் பாதிப்பு வந்தது. கிரியேட்டினின் அதைக் காட்ட ஒன்று முதல் மூன்று நாள் ஆனது. சிறுநீரில் உள்ள என்.ஜி.ஏ.எல். என்ற புரதமோ இரண்டே மணி நேரத்தில் காட்டிக்கொடுத்தது. குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அமைப்பு அனுமதி கொடுத்தது எப்போது தெரியுமா? 2023 டிசம்பரில். பதினெட்டு வருடம்! அது நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும்வரை, மணிக்கு மணி எழுதும் அந்தச் சிறுநீர்க் கணக்கை அலட்சியம் செய்யாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது மருந்துக் கணக்கு. சில ஆன்டிபயாட்டிக், சில வலி மருந்து, ஸ்கேனுக்குப் போடும் சாயம் எல்லாம் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. தேவை என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் வாதமே இல்லை. ஆனால் மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று யார் பார்ப்பது? அதே சின்சினாட்டியில் 2011-இல் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். இந்த மாதிரி மருந்துகள் மூன்று சேர்ந்துவிட்ட குழந்தைகளை மருந்தாளுநர் தினமும் பட்டியல் எடுப்பார். அவர்களுக்குத் தினமும் கிரியேட்டினின் பார்ப்பார்கள். தேவையில்லாத மருந்து இருந்தால் நிறுத்துவார்கள். அவ்வளவுதான். 2016-இல் வந்த கணக்குப்படி, இத்தகைய மருந்துச் சேர்க்கை 38 சதவீதமும் சிறுநீரகப் பாதிப்பு 64 சதவீதமும் குறைந்தன. இது ஐ.சி.யூ.வில் இல்லாத சாதாரண வார்டுக் குழந்தைகளிடம் செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பாடம் எல்லோருக்கும் பொதுதானே? புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர் பார்த்தார்கள், குறைந்தது. அடிபட்ட சிறுநீரகத்தைக் குணமாக்க இன்றுவரை தனியாக ஒரு மருந்து கிடையாது. அதனால் இந்த ரிஜிஸ்டருக்கு மதிப்பு அதிகம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் பையன் டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த சம்மரி மூன்று பக்கம். இதயத்தின் எந்த அறையில் என்ன அழுத்தம், எந்த அளவு ஒட்டு வைத்துத் தைத்தார்கள், எல்லாம் இருந்தது. நான்கு நாள் டயாலிசிஸ் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போது நாங்களும் கவனிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அவனுக்குக் காய்ச்சல், கூடவே வயிற்றுப்போக்கு. பக்கத்து கிளினிக்கில் சம்மரியைக் காட்டினோம். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு "ஹார்ட் நல்லா இருக்கு" என்று சொல்லி, மற்ற மருந்துகளோடு இபுப்ரோஃபென் சிரப்பும் எழுதினார். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அந்த மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது. முன்பே ஒரு முறை அடிபட்டது என்றால் கேட்கவே வேண்டாம். நான் படித்திருந்ததால் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே மாற்றி எழுதினார். "இதை யாருமே எழுதலையே தம்பி" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. காகிதத்தில் இல்லாததை அவர் எப்படிப் படிப்பார்?

"இதையெல்லாம் சொன்னால் பெற்றவர்கள் பயந்துவிடுவார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. ஐயா, நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். மியூச்சுவல் ஃபண்டில் ஐந்நூறு ரூபாய் போடுகிறவனுக்கே சந்தை அபாயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

"சரியாகிவிட்டதே, பிறகென்ன?" என்பது இன்னொரு வாதம். அதற்கும் பதில் இருக்கிறது. வட அமெரிக்காவில் நடந்த அதே தொடர் ஆய்வில் 131 குழந்தைகளை ஐந்து வருடம் கழித்துப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். 17 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 18 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோயின் அறிகுறி. இதில் ஆச்சரியம், ஆபரேஷன் சமயத்தில் பாதிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் டயாலிசிஸ் செய்த குழந்தையை மட்டும் பார்த்தால் போதாது, இதய ஆபரேஷன் ஆன எல்லாக் குழந்தைகளையும் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. ஒன்று, டிஸ்சார்ஜ் சம்மரியில் சிறுநீரகத்துக்கு ஒரு வரி: கிரியேட்டினின் அதிகபட்சம் எவ்வளவு போனது, வீட்டுக்குப் போகும்போது எவ்வளவு, டயாலிசிஸ் நடந்ததா. இரண்டு, பாதிப்பு வந்த குழந்தைக்கு மூன்று மாதம் கழித்து ஒரு மறுபரிசோதனை. நான் முன்னால் சொன்ன 2012 வழிகாட்டியும் இதையே சொல்கிறது. மூன்று, எல்லாக் குழந்தைகளுக்கும் வருடம் ஒரு முறை ரத்த அழுத்தமும் சிறுநீர்ச் சோதனையும். ஒரு சின்ன அளவுப் பட்டை, ஒரு சிறுநீர் டெஸ்ட். ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. லட்சக்கணக்கில் செலவு செய்து காப்பாற்றிய உயிரை இந்தச் சில்லறைக்காகப் பாராமல் விடுவதை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது அக்கா வைத்திருக்கும் ஃபைலின் முதல் பக்கத்தில் நானே சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்: "இதய ஆபரேஷனுக்குப் பின் சிறுநீரகப் பாதிப்பு, 4 நாள் டயாலிசிஸ். மருந்து எழுதும் முன் கவனிக்கவும்." எந்த டாக்டரிடம் போனாலும் அக்கா முதலில் அதைத்தான் காட்டுகிறாள். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இதய ஆபரேஷன் ஆன குழந்தை இருந்தால் இன்றைக்கே அந்த ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.