புகைவிடுவார்க்குக் கூலியா?

பயன் என்னும் சொல் நல்ல சொல். சாணத்தை எருவாக்கியும் உமியை அடுப்புக்கு எரியாக்கியும் வாழ்ந்த உழவர் குடிக்கு அச் சொல்லின் அருமையை எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயினும், நல்ல சொல்லைத் தீய செயலுக்குப் போர்வையாக்குவது ஆலை முதலாளிகட்கும் அவர்கட்கு அரணாய் நிற்கும் ஆட்சியாளர்க்கும் கைவந்த தொழில். கரியமில வாயு என்று பலரும் வழங்கும் கரிவளியைப் புகைபோக்கியிலேயே பிடித்துப் பயன்கொள்வோம் என்னும் கொள்கை, இன்று அத்தகைய போர்வையாக விரிக்கப்படுகின்றது. இந்திய ஒன்றியத்தின் நிதி ஆயோக்கும் 2022ஆம் ஆண்டு நவம்பரில் இதற்கெனக் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஆகலின், இவ் வழியில் முன்னே சென்ற நாடுகள் கண்டது யாது என ஆராய்தல் நம் கடமை.

பிடிக்கும் முறை எளிதில் விளங்கும். புகையைக் காரக் கரைசல் ஒன்றின் ஊடே செலுத்தினால், கரைசல் கரிவளியைப் பற்றிக்கொள்ளும். பின்னர்ச் சூடாக்கினால் வளி தனியே பிரியும். அச் சூட்டுக்கும் எரிபொருள் வேண்டும். இத்துணைச் செலவிட்டுப் பிடித்த வளி எங்கே போகின்றது என்பதே வினா.

உலகில் ஆண்டுதோறும் பயன்கொள்ளப்படும் கரிவளி ஏறத்தாழ 23 கோடி தொன் என்பது 2019ஆம் ஆண்டு பன்னாட்டு ஆற்றல் முகமை தந்த கணக்கு. அதில் பாதிக்கு மேல் யூரியா உரத்துக்குச் செல்கின்றது. யூரியா வயலில் கரைந்த சின்னாள்களிலேயே அவ் வளி மீண்டும் காற்றில் கலந்துவிடுகின்றது. எஞ்சியதில் பெரும்பங்கு, பெட்ரோலியம் எனப்படும் கல்நெய்யின் கிணறுகளுக்குள் அழுத்தப்படுகின்றது. எதற்கு? வற்றிவரும் கிணற்றின் பாறையிடுக்கில் ஒட்டிக் கிடக்கும் நெய்யையும் மேலே தள்ளுதற்கு! அழுத்திய வளி அடியில் தங்கலாம். மேலே வந்த நெய் எரிந்து புதுக் கரிவளியாகின்றதே, அதனைப் பிடிப்பார் எவர்? ஒரு கையால் தீயை அணைத்து, மறு கையால் நெய் வார்ப்பதற்குப் பயன் என்று பெயரா?

அமெரிக்கா 2008ஆம் ஆண்டு, பிடித்த வளிக்கு வரிக்கழிவு தரும் சட்டம் செய்தது. நிலத்தடியில் புதைத்தால் தொன்னுக்கு 20 தாலர். கல்நெய் எடுக்கப் பயன்படுத்தினால் 10 தாலர். இரண்டற்கும் உள்ள வேற்றுமையை அன்றைய சட்டமாவது அறிந்திருந்தது. 2022ஆம் ஆண்டு அத் தொகைகள் 85 ஆகவும் 60 ஆகவும் உயர்ந்தன. 2025ஆம் ஆண்டுச் சட்டமோ, புதிதாகத் தொடங்கும் அமைப்புகட்கு இரண்டற்கும் ஒரே விலை, 85 தாலர் என்று அவ் வேற்றுமையையே துடைத்துவிட்டது. தண்டம் கட்டவேண்டியவனுக்கு மக்கள் வரிப்பணத்தினின்று கூலி!

அக் கூலிக்குக் கணக்கேனும் உண்டா? 100 கோடி தாலருக்கு மேற்பட்ட வரிக்கழிவில் ஏறத்தாழ 89 கோடி தாலர், முறையான கண்காணிப்புத் திட்டம் இல்லாமலேயே கோரப்பட்டது என்று 2020ஆம் ஆண்டு அந் நாட்டு வரித்துறைத் தணிக்கையரே எடுத்துரைத்தார். வேலிக்கு ஓணான் சான்று!

தெக்சாசு மாநிலத்தில் பெத்ரா நோவா என்னும் அமைப்பு 2017ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. நிலக்கரி மின்னிலையத்தின் வளியைப் பிடித்துக் குழாய்வழியே கல்நெய் வயலுக்கு அனுப்புவது அதன் பணி. 2020ஆம் ஆண்டு கல்நெய் விலை வீழ்ந்தது. மே திங்களில் பிடிப்பும் நின்றது. நிலக்கரி எரிவது நின்றதா? நிற்கவில்லை. மீண்டும் பிடிக்கத் தொடங்கியது 2023ஆம் ஆண்டுதான். உலகத்தார் மூச்சுக்காக எழுந்த அமைப்பாயின், சந்தை விலை பார்த்து உறங்குமா?

நார்வேயும் நெய் விற்கும் நாடே. எனினும் அது செய்தது வேறு. 1991ஆம் ஆண்டு, கடலில் கல்நெய் எடுப்போர் வெளிவிடும் கரிவளிக்கு வரி விதித்தது. வரி கட்டுவதினும் புதைப்பதே மலிவு என்று கண்ட நிறுவனம், 1996 முதல் சிலெய்ப்னர் வயலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலக்கம் தொன் வரை கடலடி மணற்பாறையில் புதைத்து வந்தது. கூலி கொடுத்து ஏய்ப்பை வளர்த்தது ஒரு நாடு. வரி விதித்து ஒழுங்கை வளர்த்தது மற்றொரு நாடு.

தமிழகத்துக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. தூத்துக்குடியில் சோடாச் சாம்பல் செய்யும் ஆலையொன்று, தன் நிலக்கரிக் கொதிகலனின் வளியைப் பிடித்து அச் சாம்பல் செய்யவே பயன்படுத்த 2016ஆம் ஆண்டு முனைந்தது. ஆண்டுக்கு 60,000 தொன் என்பது திட்ட அளவு. அரசின் உதவிப்பணம் பெறாமல் அதனைச் செய்தோர் திறம் போற்றத்தக்கதே. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. சோடாச் சாம்பல் கண்ணாடி உலையில் உருகுங்கால், அடைபட்ட வளி மீண்டும் வெளியேறிவிடும். அது வளிக்குச் சிறையன்று, வழியிடைச் சாவடியே.

பிடிப்பே வேண்டா என்பது இதன் பொருளன்று. சுண்ணக்கல்லைச் சுடாமல் சிமிட்டி இல்லை. சுட்டால் அக் கல்லினின்றே கரிவளி வரும். அத்தகைய தொழிலுக்குப் பிடிப்பு வேண்டற்பாலதே. ஐசுலாந்தில் கரிவளியை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்த, ஈராண்டுக்குள் அதன் பெரும்பகுதி கல்லாயிற்று என 2016ஆம் ஆண்டு ஆய்வாளர் நிறுவினர். அதற்குக் கொடுக்கும் பணம் வீண்பணம் ஆகாது.

ஆகலின் கொள்கை வகுப்போர் மூன்றை உறுதி செய்தல் வேண்டும். வெளிவிடும் புகைக்கு முதலில் வரி. மீளாதபடி அடைத்த வளிக்கு மட்டுமே உதவி. அளந்து சொல்வோன் ஆலைக்காரன் அல்லாத பிறன். பாம்பும் சாகாமல் கோலும் முறியாமல் அடிக்கும் அடியால் எவர்க்கும் நன்மை இல்லை. இம் மூன்றும் இல்லாத கொள்கையின் வரவு புகைவிடுவார் பேரேட்டில் ஏறும். கடனோ, கடல் ஏறிவரும் கரையில் குடியிருக்கும் பரதவர் பிள்ளைகள் தலையில் விழும். அக் கடனுக்குக் கையெழுத்திடும் உரிமையை எவரும் எவர்க்கும் கொடுத்ததில்லை!