நாற்பத்து நான்குக்குப் பதினெட்டு

புதுச்சேரி சைக்கிள்காரனுக்கு ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. ஜிப்மருக்குப் போகும் வழியில் கோரிமேடு, நூறடி ரோட்டு மேம்பாலம், அரும்பார்த்தபுரம் மேம்பாலம். கணக்கு ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. புல்வார்டுக்கு உள்ளே, கட்டம் போட்டுப் பிரித்த வீதிகளில், காலையிலிருந்து ராத்திரி வரை சுற்றினாலும் மூச்சு வாங்காது. இந்த ஊரில்தான் இருபத்தோரு கியர் வைத்த சைக்கிளைத் தவணையில் வாங்கி, வாங்கிய நாளில் எந்தப் பல்லில் செயின் கிடந்ததோ அதே பல்லிலேயே ஓட்டித் தேய்க்கிறோம். மற்ற பற்கள் உப்புக்காற்றில் சும்மா துருப்பிடிக்கின்றன. கடற்கரைக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருந்தால் கியர் கேபிள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

ஆகவே ஒற்றைக் கியர் சைக்கிளை இளவட்டங்கள் மறுபடி தேடி வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை, சந்தோஷம்தான். வருகிற விதத்தில்தான் கொஞ்சம் வழக்கு உண்டு.

அவர்களில் சிலர் கேட்பது வெறும் ஒற்றைக் கியர் அல்ல, ‘ஃபிக்ஸி’. அதாவது ஃப்ரீவீலே இல்லாமல் பின்பல்லை ஹப்போடு இறுக்கிவிடுவது. ஃப்ரீவீலுக்குள் நாக்கு மாதிரி இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள் இருக்கும். நாம் மிதிக்காதபோது ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டபடி சக்கரத்தைத் தனியே ஓடவிடுகிறவை அவைதான். ஃபிக்ஸியில் அந்த ஏற்பாடு கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியாக வேண்டும். மேம்பாலத்து இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கொடுக்கும் சுகம் போச்சு. பதிலுக்குக் காலாலேயே வேகத்தை அடக்கலாம்; பின்னோக்கி மிதித்தால் வண்டி பின்னாலும் போகும். ஃப்ரீவீல் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில்தான். அதற்கு முன்னால் எல்லோரும் ஓட்டியது இதைத்தான். வெலோட்ரோம் பந்தயத்தில் இன்றைக்கும் அதுவே விதி: கியர் ஒன்று, பிரேக் கிடையாது. நியூயார்க்கில் தோளில் பை மாட்டிக் கடிதம் கொண்டுபோன கூரியர் பையன்கள் அதைத் தெருவுக்கு இறக்கினார்கள். அப்புறம் உலகம் முழுக்க மோஸ்தர்.

நம்மை ஆண்டவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1903இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்குக் கியர் மாற்றும் கருவியைக் கண்டாலே ஆகாது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குத்தான் அது என்பது அவர் கட்சி. (எனக்கு இப்போது அந்தச் சலுகை உண்டு.) முன்னணி வீரர்களுக்கு 1937 வரை அதை அனுமதிக்கவில்லை. மலையடிவாரத்துக்கு வந்ததும் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, இடவலமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். ஹப்பின் இரு பக்கமும் வேறுவேறு எண்ணிக்கையில் பற்கள் இருக்கும். இன்று ஒரு பக்கம் ஃப்ரீவீல், மறுபக்கம் ஃபிக்ஸட் என்று ‘ஃபிளிப் ஃபிளாப் ஹப்’ விற்கிறார்களே, அது இந்த வித்தையின் வாரிசு.

நம் பக்கத்து ஒற்றைக் கியருக்கு வேறு பரம்பரை. அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. அப்போது இங்கே பிரெஞ்சுக் கொடி. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1 அன்று. அதன்பிறகு ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ என்று கறுப்பு எனாமலும் தங்கக் கோடுமாக வந்த வண்டிகளை யாரும் அப்படியே ஓட்டவில்லை. பால்காரர் கேனுக்குக் கொக்கி போட்டார். மூட்டை ஏற்றுபவர் கேரியருக்கு முட்டுக் கம்பி கொடுத்தார். சாணை பிடிப்பவர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து பெல்ட் இழுத்து, சைக்கிளையே பட்டறை ஆக்கிவிட்டார். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வழியாக சைக்கிள் பழகிய பெண்களில் பலர் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் கேட்டார்கள். பாரில் குழந்தைக்கு ஒரு சீட்டு மாட்டலாமே. இங்கே எல்லாமே கூட்டல். ஃபிக்ஸி மோஸ்தரோ முழுக்கக் கழித்தல்: மட்கார்டு வேண்டாம், செயின் கவர் வேண்டாம், கேரியர் வேண்டாம், மணி வேண்டாம், கடைசியில் பிரேக்கும் வேண்டாம். ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாமல் ஒரு தரம் காமராஜ் சாலையைக் கடந்தால், சட்டை முதுகில் விழுகிற சேற்றுக்கோடு அந்த அழகியலுக்குப் பதில் சொல்லும்.

நெல்லித்தோப்புப் பக்கம் நான் காற்றடிக்கப் போகும் கடைக்குக் கல்லூரிப் பையன் ஒருவன் தாத்தாவின் ஹெர்குலிஸைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“ஃபிக்ஸி பண்ணணும்ணே. பிரேக் எல்லாம் கழட்டிடுங்க.”

கடைக்காரர் வண்டியைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். “கழட்டிடலாம் தம்பி. வீட்டு அட்ரஸ எழுதிக் குடுத்துட்டுப் போ. யாராச்சும் தூக்கியாந்து விடணும்ல.”

பையன் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசியதுதான் விஷயம். பழைய ரோட்ஸ்டரை மாற்றுவது படத்தில் பார்ப்பதுபோலச் சுலபமில்லை. அதன் கம்பி பிரேக், ரப்பர் கட்டையை ரிம்மின் உட்பக்கமாக மேலே இழுத்து அழுத்தும். அதற்கென்றே ரிம்மின் ஓரம் உருண்டையாக இருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் கவ்வும் இப்போதைய பிரேக்கை மாட்டினால் கவ்வுவதற்குத் தட்டையான இடமே கிடையாது. சரி, ரிம்மை மாற்றுவோம் என்றால் அடுத்த சிக்கல். இந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. எடையெல்லாம் பின்னால்தானே விழுகிறது என்ற பழைய ஆங்கிலேயக் கணக்கு அது. புது அலாய் ரிம்மில் பெரும்பாலும் 32 அல்லது 36 துளைதான். ஆக ஹப்பையும் மாற்றியாக வேண்டும். ஃபிக்ஸட் ஹப்பின் அகலம் 120 மில்லிமீட்டர். பழைய வண்டியின் பின்போர்க் அதைவிடக் குறுகல், ஆகவே நெம்பி விரிக்க வேண்டும். ஸ்டீல் என்பதால் தாங்கும். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்று நூல் பிடித்துப் பார்க்காமல் விட்டால், சக்கரத்தில் எத்தனை முறை பெண்டு எடுத்தாலும் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

செலவைக் குறைக்கச் சிலர் பழைய ஃப்ரீவீலையே வெல்டு வைத்து இறுக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றிக் கேட்டதும் கடைக்காரர் குரல் மாறியது. “அது மட்டும் வேணாம் தம்பி.” காரணம் மரையில் இருக்கிறது. பின்பல் வலது மரையில் ஏறி, மிதிக்க மிதிக்க இறுகும். பெடலைப் பின்னோக்கி அழுத்தி நிறுத்தப் பார்த்தால் கழன்று வரும். அசல் ஃபிக்ஸட் ஹப்பில் அதன்மேல் இடது மரையில் ஒரு வளையம் வைத்து அடைத்திருப்பார்கள். பல் கழல முயன்றால் வளையம் இன்னும் இறுகும். சாதாரண ஹப்பில் அந்த மரையே வெட்டியிருக்காது. பிரேக்கும் இல்லாமல், நம்பியிருந்த பல்லும் அண்ணா சாலை சிக்னலில் கையை விரித்துவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது பல் கணக்குதான். ஒற்றைக் கியர் கட்டுகிறவனுக்குத் தப்பிக்க இடமில்லை. தன் ஊருக்கும் தன் முழங்காலுக்கும் எது பொருந்தும் என்று ஒரே ஒரு முறை முடிவு செய்ய வேண்டும். முன்பல் 44, பின்பல் 18, சக்கரம் 28 இன்ச் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு இருபது கிலோமீட்டரை நெருங்கலாம். பின்பல்லை 16 ஆக்கினால் சுற்றுக்கு 6 மீட்டருக்கு மேல். அதிகாலையில் அது சொர்க்கம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பியதும் நேரு வீதியில் கிழக்கு நோக்கி மிதித்துப் பாருங்கள், தெரியும். மூட்டைக்காரர்கள் பின்பல் 22 போடுவார்கள். வேகம் குறையும், சுமை நகரும். காற்று, சாலை, சராசரி முழங்கால் மூன்றையும் வைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து வண்டிகளில் சாதாரணமாகப் போட்டுக்கொடுத்த 18 பல்லைவிட இந்த ஊருக்குப் பொருத்தமானது இன்னும் கண்ணில் படவில்லை.

ஃபிக்ஸிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காலால் சக்கரத்தைப் பூட்டி வழுக்கி நிறுத்துகிறார்கள் அல்லவா, அப்போது பெடல் எப்போதும் ஒரே நிலையில் நிற்பதால் டயரும் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே தேயும். 44க்கு 16 என்ற பின்னத்தைச் சுருக்கினால் 11க்கு 4. ஒரே காலை முன்வைத்து வழுக்குகிறவருக்கு டயரில் நாலே இடம்தான் தேயும். 48க்கு 16 என்றால் 3க்கு 1, ஒரே இடம்; டயர் சீக்கிரமே கந்தல். பின்பல்லை 17 ஆக்கினால் சுருக்கவே முடியாது, தேய்மானம் பதினேழு இடத்தில் பரவும். பள்ளிக்கூடத்தில் பின்னத்தைச் சுருக்கச் சொன்னபோது இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் கணக்கில் நானும் தேறியிருப்பேன்.

பிரேக் விஷயத்தில் என் முடிவு மாறாது. பிரிட்டனில் 1983 விதிகளின்படி ஃபிக்ஸட் பல்லையே பின் பிரேக்காக ஏற்றுக்கொள்கிறார்கள், முன் பிரேக் கட்டாயம். அது நியாயமான ஏற்பாடு. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நடுரோட்டில் நின்று பேரம் பேசுகிற குடும்பத்துக்கு உங்கள் தொடை பலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரேக்கே இல்லாமல் ஓட்டித்தான் தீர வேண்டும் என்கிறவர்கள் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறலாம், அங்கே வெலோட்ரோம் இருக்கிறது.

பையன் கடைசியில் முன் பிரேக்குக்குச் சம்மதித்தான். ஃபிளிப் ஃபிளாப் ஹப், இப்போதைக்கு ஃப்ரீவீல் பக்கம், பின்பல் 18. கறுப்பு எனாமலைச் சுரண்டி மஞ்சள் அடிக்கும் யோசனையைக் கைவிடச் சொல்லி நானும் என் பங்குக்குக் கெஞ்சினேன். வண்டி தாத்தாவுடையது என்பதால் அந்த வழக்கு அவன் வீட்டு மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. கழற்றிய நாற்பது கம்பிச் சக்கரம் என்ன ஆச்சு என்று போன வாரம் கடைக்காரரிடம் கேட்டேன்.

“அது அன்னைக்கே போயிடுச்சு சார். தண்ணி கேன் போடறவரு வந்து மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.”