அறுந்ததை நிரூபிப்பது யார் வேலை?

வீட்டு இணைய இணைப்பு அறுந்தது என்று நிரூபிக்க, மாதாமாதம் சந்தா கட்டுகிறவரே மென்பொருள் எழுத வேண்டியிருக்கிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில் பழைய மடிக்கணினி ஒன்றோ ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றோ இரவும் பகலும் ஓடுகிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை ரவுட்டருக்கும், நிறுவனத்தின் நுழைமுனைக்கும் (கேட்வே), அதற்கு அப்பால் 8.8.8.8 போன்ற ஓர் இணைய முகவரிக்கும் ‘பிங்’ எனும் சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வராத நேரங்களைக் குறித்துவைக்கிறது. ரவுட்டர் பதில் சொல்கிறது, நுழைமுனை சொல்லவில்லை என்றால் பழுது பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால்தான். வைஃபை மீது பழி போட முடியாதபடி கேபிள் வழியாகவே சோதிக்கும் அளவுக்கு மக்கள் கவனமாக இருக்கிறார்கள்.

இந்தப் பதிவோடு கஸ்டமர் கேரை அழைத்தால், “எங்க சைடுல எல்லாம் கிளியரா இருக்கு சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்கிறார்கள். அடுத்து, “உங்க வீட்ல கரண்ட் போயிருக்குமோ?”

இந்தக் கேள்வியை வன்மையாகக் கண்டிக்கிறோம். விடை நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. ஃபைபர் இணைப்பில், மின்சாரம் போகும் கணத்தில் வீட்டு மோடம் அணைவதற்கு முன் எதிர்முனைக்குக் கடைசியாக ஒரு செய்தி அனுப்பும் வசதி உண்டு. அந்தச் செய்தி வராமல் ஒளி மட்டும் நின்றுபோனால், கரண்டைக் குறை சொல்வது கடினம், கோளாறு பெரும்பாலும் இழையில். இணைப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதும் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகிறது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனைகளைத் திருத்தி, இத்தகைய பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. அரசு கேட்டால் எடுத்துத் தர வேண்டிய பதிவை, பணம் கட்டியவர் கேட்டால் ஏன் காட்டக் கூடாது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பொறுப்பு இதைவிடப் பெரிது. 2024 ஆகஸ்டில் அது வெளியிட்ட தர விதிமுறைகளில், கம்பிவழி இணைப்பின் பழுது 3 நாட்களைத் தாண்டினால்தான் இழப்பீடு. ஒரு நாளில் பலமுறை அறுந்து, பத்து நிமிடத்தில் தானாகத் திரும்பும் இணைப்பு இந்த விதியில் சிக்கவே சிக்காது. புகார் எண் கிடைப்பதற்குள் லைன் வந்துவிடும். ஆள் வராமலே ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தியும் வந்துவிடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு நேர்காணல் நடுவில் போன அந்தப் பத்து நிமிடம் திரும்பக் கிடைக்காது. டிராயின் ‘மைஸ்பீட்’ செயலி, சோதிக்கும் நேரத்து வேகத்தைச் சொல்லும். அறுந்து கிடந்த நேரத்தை அது எண்ணுவதில்லை. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியோ தன்னார்வலர் வீடுகளில் அளவிடும் கருவிகளை வைத்து, 2011-லேயே அறிக்கை வெளியிட்டது. வீட்டில் எடுத்த அளவு ஓர் ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சான்றாகும் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

விதியைத் திருத்துங்கள். புகார் பதிவான நேரத்தை விட்டுவிட்டு, இணைப்பு அறுந்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். சிறு சிறு அறுப்புகளையும் மாத அளவில் கூட்டி எண்ணுங்கள். சந்தாதாரர் தரும் பதிவை நிறுவனம் மறுத்தால், தன் சர்வர் பதிவை அவரிடம் காட்டித்தான் மறுக்க வேண்டும். ஒவ்வொரு மாத பில்லிலும் சேவை நின்ற நிமிடங்கள் அச்சாகி, அதற்கான தொகை யாரும் கேட்காமலே கழிக்கப்பட வேண்டும்.