எடைக்கு விற்ற கம்பளம்

2012இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஏலத்தில், அமெரிக்கப் பூர்வகுடியான நவஹோ இனத்துப் பெண் ஒருத்தி 19ஆம் நூற்றாண்டில் நெய்த கம்பளிப் போர்வை 18 லட்சம் டாலருக்குப் போனது. நெய்தவள் பெயர் யாருக்கும் தெரியாது. விலையைக் கேட்டு மூக்கின் மேல் விரல் வைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதே நூற்றாண்டின் கடைசியில், அவளுடைய பேத்திகள் காலத்தில், நவஹோ நெசவைக் கடைக்காரர்கள் தராசில் போட்டு ராத்தல் கணக்கில் வாங்கினார்கள்.

இடையில் நடந்தது பெரிய கொடுமை. 1863-64இல் கிட் கார்சன் தலைமையில் வந்த அமெரிக்கப் படை நவஹோக்களின் பயிரை எரித்தது, பீச் மரங்களை வெட்டியது, ஆடுகளைக் கொன்றது. பட்டினிக்குப் பணிந்த ஆயிரக்கணக்கானோரை சுமார் 300 மைல் நடக்கவைத்து, நியூ மெக்சிகோவின் போஸ்க் ரெடோண்டோவில் அடைத்தார்கள். 1868 உடன்படிக்கைக்குப் பிறகே ஊர் திரும்ப முடிந்தது. பின்னாலேயே ரயில் வந்தது, ஆலைப் போர்வை மலிவாக வந்தது, வியாபாரிகளும் வந்தார்கள். உடுத்துவதற்காக நெய்த போர்வை, வெள்ளைக்காரர் வீட்டுத் தரைக்கான தடித்த விரிப்பாக மாறியது அப்போதுதான்.

நவஹோ நாட்டின் கனாடோ ஊரில் கடை வைத்திருந்த லொரென்சோ ஹபல் தனக்குப் பிடித்த வடிவங்களை ஓவியமாக வரையச் செய்து சுவரில் மாட்டிவைத்தார். கிரிஸ்டல் ஊர்க் கடைக்காரர் ஜே. பி. மூர் 1903லும் 1911லும் விலைப்பட்டியல் அச்சிட்டுத் தபாலில் விற்றார். அவர் வழியாகக் கீழைநாட்டுக் கம்பளங்களின் சாயலும் உள்ளே நுழைந்தது. ஆகவே ‘கலப்பில்லாத நவஹோ பாணி’ என்று தேடி அலையும் சேகரிப்பாளர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தறியைக் கற்றது பக்கத்துப் பியூப்ளோ மக்களிடம். ஆடு வந்தது ஸ்பானியர்களோடு. பழைய போர்வைகளின் சிவப்பில் பெரும்பகுதி, அயல்நாட்டுத் துணியைப் பிரித்தெடுத்த நூல். வந்ததையெல்லாம் தன் தறிக்கு இழுத்துக்கொண்டதுதான் அந்தப் பெண்களின் கெட்டிக்காரத்தனம்.

அந்தத் தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஒரே நீள நூல். மேலும் கீழுமாகச் சுற்றிக் கட்டுவதால் நான்கு ஓரமும் மூடியிருக்கும். வெட்டிய நுனி கிடையாது. உச்சியை நெருங்க நெருங்கப் பாவு இறுகும். பாவைப் பிரித்துப் பிடிக்கும் பலகை நுழையாது. நெய்பவள் மெல்லிய குச்சிக்கு மாறுவாள், கடைசியில் ஊசியால் ஒவ்வொரு இழையாகக் கோப்பாள். போலிகளில் பெரும்பாலும் பாவை வெட்டி முடிந்த குஞ்சம் இருக்கும். அவை மெக்சிகோவிலிருந்து வருகின்றன, நம் இந்தியாவிலிருந்தும் போகின்றன. பூர்வகுடிகள் செய்ததாகப் பொய் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. ‘நவஹோ டிசைன்’ என்று சீட்டு ஒட்டினால் சட்டம் வாயை மூடிக்கொள்கிறது.

வாங்கியவர்கள் பராமரிப்பு பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான். உதறக் கூடாது, கொடியில் போட்டு அடிக்கவே கூடாது, பாவு அறுந்துவிடும். மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். வீட்டில் தண்ணீரில் நனைத்தால் சிவப்பு ஓடி வெள்ளையில் ஏறலாம். பிறகு மீட்பது நிபுணருக்கும் கடினம். அந்துப்பூச்சி இருட்டையும் அசையாத இடத்தையும் தேடும். அதனால் சோபாவின் அடியில் கிடக்கும் பகுதியையும் சுவரைப் பார்த்த பக்கத்தையும் அடிக்கடி திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆனால் நான் முதலில் வைக்கும் பராமரிப்பு வேறு: நெய்தவரின் பெயரைக் காப்பது. டெய்சி டாகல்சீ என்ற டூ கிரே ஹில்ஸ் ஊர் நவஹோ நெசவாளியின் வேலை 2004இல் அமெரிக்க அஞ்சல்தலையில் ஏறியது. அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு முந்தைய தலைமுறைகளில் பெரும்பாலும் கடைக்காரர் பெயர்தான் மிஞ்சியது. இன்று கம்பளம் வாங்குகிறவர் நெய்தவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கேட்டு எழுதி, அந்தத் தாளைக் கம்பளத்தோடு சேர்த்தே வைக்கட்டும். விற்கும்போது அதையும் கொடுத்துவிடட்டும்.