சென்சார் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கிரிம்பிங் டூல் வாங்குங்க

போன வருஷம் போட்டியில எங்க ரோவர் மொத்தம் பதினோரு மீட்டர்தான் ஓடுச்சு. பன்னிரண்டாவது மீட்டர்ல இடது பக்கம் திரும்பி, பவுண்டரி கயிறைத் தாண்டி, ஜட்ஜ் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் சேர்ல போய் முட்டுச்சு. வீடியோ நிறைய பேர் ஸ்டேட்டஸ்ல வச்சீங்க. நானும் சிரிச்சேன். ஆனா அது ஏன் திரும்புச்சுன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொல்லல. இப்போ ஃபைனல் இயர், கிளப்ல இருந்து வெளிய போகப் போறேன், அதனால சொல்லிடறேன்.

காரணம் ஒரு வயர். இடது நடு சக்கரத்தோட என்கோடருக்குப் போற நாலு வயர்ல கிரவுண்ட் வயர். அதை கனெக்டருக்குள்ள போடற குட்டி உலோக டெர்மினல்ல நசுக்கிப் பிடிச்சிருக்கணும். அந்த வேலைக்குப் பேருதான் கிரிம்ப். (தமிழ்ல என்ன சொல்றதுன்னு எடிட்டர்கிட்ட கேட்டேன். நான் இங்கிலீஷ் மீடியம், அவன் தமிழ் மீடியம், ரெண்டு பேருக்கும் தெரியல.) அதை நான் போட்டிக்கு நாலு நாள் முன்னாடி ராத்திரி ஒரு மணிக்கு நோஸ் பிளேயரை வச்சு நசுக்கினேன். பெஞ்ச்ல வச்சு ஓட்டினா எல்லாம் ஓகே. கிரவுண்டுக்கு எடுத்துட்டுப் போய் கல்லு மேல ஏத்தினா, அதிர்வுல அந்த வயர் விட்டு விட்டு ஒட்டும். என்கோடர் கவுன்ட் தாறுமாறா குதிக்கும். சக்கரம் நின்னுடுச்சுன்னு கன்ட்ரோலர் நினைச்சுக்கிட்டு வேற எதையோ பண்ணும்.

இது எங்களுக்குத் தெரியல. கோட்ல பிழைன்னுதான் நினைச்சோம். "நினைச்சோம்"னு பன்மையில எழுதறது வசதியா இருக்கு. உண்மையில நினைச்சது நான், சொன்னதும் நான். இன்டரப்ட் கோட் எழுதினது ஒரு செகண்ட் இயர் பையன். மூணு ராத்திரி அவனை உட்கார வச்சு அந்தக் கோடை திரும்பத் திரும்ப எழுத வச்சேன். நாலு பேர் முன்னாடி "அடிப்படையே தெரியாம ஏண்டா டீமுக்கு வந்த"ன்னு கேட்டேன். போட்டி முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு ரோவரைப் பிரிக்கும்போது, அந்த ஹவுசிங்கைப் பிடிச்சு லேசா இழுத்தேன். கறுப்பு வயர் மட்டும் கையோட வந்துடுச்சு. டெர்மினல் உள்ளேயே நிக்குது. அப்போ அவன் கிளப் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளிய போய் பத்து நாள் ஆகியிருந்தது.

அதனால இந்தக் கட்டுரை ஒரு கைக் கருவியைப் பத்தினது. எந்த சென்சார், எந்த போர்டுன்னு சண்டை போடற நம்ம கிளப்புகள் யாரும் இதைப் பத்திப் பேசறதில்ல.

முதல்ல ஒரு குழப்பத்தை விலக்கிடறேன். நம்ம காலேஜ்ல கிரிம்பர்னு கேட்டா நெட்வொர்க்ஸ் லேப் அண்ணா ஆர்.ஜே. 45 பிளையரை எடுத்துக் கொடுப்பாரு. அது வேற ஜாதி. லேன் கேபிள்ல உள் வயரோட தோலை உரிக்கவே மாட்டோம். கனெக்டருக்குள்ள இருக்கிற சின்ன பிளேடு தோலைக் குத்திக்கிட்டு உள்ள போய் செம்பைத் தொடும். நான் சொல்றது ரோவர், ட்ரோன், லைன் ஃபாலோயர் எல்லாத்துலயும் வர்ற ஜே.எஸ்.டி. எக்ஸ்.எச்., டுபான்ட் வகை டெர்மினல்கள். லிப்போ பேட்டரியில பேலன்ஸ் வயர் முனையில வெள்ளையா ஒரு கனெக்டர் இருக்குமே, அதுதான் எக்ஸ்.எச்.

அந்த டெர்மினலைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. பின்பக்கம் ரெண்டு ஜோடி இறக்கை இருக்கும். முன் ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்கணும், பின் ஜோடி வயரோட தோலைப் பிடிக்கணும். நல்ல டூல் முன் ஜோடி இறக்கைகளை உள்பக்கமா சுருட்டி, இழைகளுக்கு நடுவுல இறக்கும். குறுக்கா வெட்டிப் பார்த்தா இங்கிலீஷ் 'பி' எழுத்து படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். உள்ள இழைகள் ஒண்ணோட ஒண்ணு நசுங்கி, நடுவுல காத்துக்கு இடமே இருக்காது. காத்து போகலைன்னா ஆக்சைடு படியாது, ரெசிஸ்டன்ஸ் ஏறாது. நோஸ் பிளேயரால பண்ணா இறக்கை தட்டையா மடங்கும், அவ்வளவுதான். பார்க்க இறுக்கமா இருக்கும். உள்ள இழைகளுக்கு நடுவுல சந்து இருக்கும். இன்னிக்கு மல்டிமீட்டர் 'பீப்'னு கத்தும், கல்லு மேல ஏறும்போது கத்தாது.

"சால்டர் பண்ணிட்டா போச்சு"ன்னு சொல்றவங்க நிறைய. நானும் அந்தக் கட்சியில இருந்தவன்தான். பி.சி.பி. மேல சால்டர்தான் சரி, அதுல சண்டையே இல்ல. ஆனா ஆடற வயர்ல, உருகின ஈயம் இழைகளுக்குள்ள ஊறி மேல ஏறும். ஏறின இடம் வரைக்கும் வயர் குச்சி மாதிரி விறைச்சுடும். வளையற வயரும் விறைச்ச வயரும் சந்திக்கிற அந்த ஒரு புள்ளியில எல்லா ஆட்டமும் விழும், அங்கதான் ஒடியும். இன்னொரு கூட்டம் வயர் முனையில முதல்ல ஈயம் பூசிட்டு அப்புறம் கிரிம்ப் பண்ணும். அது இன்னும் மோசம். ஈயம் மெதுவான உலோகம்; அழுத்தத்துல நாளாக நாளாக நகர்ந்து கொடுக்கும். இன்னிக்கு இறுக்கமா இருக்கிறது ஆறு மாசத்துல தானா தளர்ந்துடும்.

சரி, எந்த டூல்? கடையில முதல்ல கண்ணுல படறது தட்டையா, சிவப்பு நீலம் மஞ்சள் புள்ளி வச்ச பிளையர். வயர் உரிக்கும், வெட்டும், கிரிம்பும் பண்ணும்னு போட்டிருக்கும். அந்தக் கலர் எல்லாம் வீட்டு வயரிங், வண்டி வயரிங்ல வர்ற பிளாஸ்டிக் தொப்பி போட்ட லக்குகளுக்கு. நம்ம குட்டி டெர்மினலை அதுல வச்சா சப்பையாத்தான் ஆகும். எங்க கிளப்ல ரெண்டு இருந்தது, ரெண்டுமே வேஸ்ட்.

அடுத்து ராட்செட் டூல். எஸ்.என். 28பி-ன்னு ஒரு மாடல் நம்பர் எங்க பார்த்தாலும் கிடைக்கும், பல கம்பெனிக்காரங்க அதே டிசைன்ல போடறாங்க. நாங்க வாங்கினது ஆயிரத்து சொச்சம். ராட்செட்டோட விஷயம் என்னன்னா, ஒரு தடவை அழுத்த ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் அழுத்தாம வாய் திறக்காது. ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கத்துல பண்ணாலும், கை வலிமை கம்மியா இருக்கிறவங்க பண்ணாலும், அழுத்தம் ஒரே அளவு. நடுவுல மாட்டிக்கிட்டா விடுவிக்க ஒரு சின்ன லிவர் இருக்கும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் இருக்கும்.

மூணாவது வகை ராட்செட்டே இல்லாத நல்ல பிளையர். ஜப்பான்ல 'இன்ஜினியர்'னு ஒரு கம்பெனி (ஆமா, கம்பெனி பேரே அதுதான்) பி.ஏ. 09-ன்னு ஒண்ணு போடுது. 1.0, 1.4, 1.6, 1.9 மில்லிமீட்டர்னு நாலு குழி. முன் இறக்கையை ஒரு குழியில, பின் இறக்கையை அடுத்த பெரிய குழியில, தனித்தனியா ரெண்டு தடவை அழுத்தணும். எவ்வளவு அழுத்தணும்னு சொல்ல யாரும் இல்ல, உங்க விரல்தான் சொல்லணும். எங்க சீனியர் ஒருத்தர், இப்போ வேலைக்குப் போயிட்டார், இதோட பரம ரசிகர். "உலோகம் நின்னுபோற இடம் கைக்குத் தெரியும்டா, ராட்செட்ல அது தெரியாது"ன்னு சொல்வாரு. அவர் பண்ண கிரிம்ப் எதுவும் இன்னிக்கு வரைக்கும் கழண்டதில்ல. அவர் சொல்றது உண்மைன்னு ஒத்துக்கறேன். இருந்தாலும் கிளப்புக்கு அதை வாங்கக் கூடாதுன்னுதான் சொல்வேன். கை பழக நூறு இருநூறு டெர்மினல் வீணாகணும். பழகின கை மூணாவது வருஷம் முடிஞ்சதும் பிளேஸ்மென்ட்னு போயிடும். அப்புறம் அந்தப் பிளையர் ஒரு ஃபர்ஸ்ட் இயர் கையில கிடைக்கும். பத்து பேர் மாத்தி மாத்திப் பிடிக்கிற டூலுக்கு ராட்செட்தான் சரி. தனியா, வருஷக்கணக்கா பண்ணப் போறவங்க அந்த ஜப்பான் பிளையரைத் தாராளமா வாங்கலாம்.

கனெக்டர் கம்பெனியே போடற அசல் டூல்னு நாலாவது ஒண்ணு இருக்கு. ஒரு டெர்மினல் வகைக்கு ஒரு டூல், விலை நூற்றுக்கணக்கான டாலர். அதுக்கு ஹெச்.ஓ.டி. கையெழுத்து வாங்கறவங்களுக்கு என்னோட வணக்கம்.

ராட்செட் வாங்கிட்டா வேலை முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. இதுதான் நாங்க ரெண்டாவது தடவை பண்ண தப்பு. 'கிளிக்'னு திறந்தா சரியா இருக்கும்னு நம்பினோம். தப்பான குழியில வச்சாலும் அது சந்தோஷமா 'கிளிக்'னு திறக்கும். பெரிய குழின்னா இழை தளர்வு. சின்னக் குழின்னா இழை அறுந்துடும், சில சமயம் டெர்மினலே விரிசல் விடும். டூலை டெர்மினலுக்கும் வயருக்கும் பொருத்தமா தேர்ந்தெடுக்கணும், ஆன்லைன்ல ஸ்டார் ரேட்டிங் பார்த்து இல்ல. எக்ஸ்.எச். டெர்மினலுக்கு 22 ஏ.டபிள்யூ.ஜி. வயர், அதாவது கிட்டத்தட்ட 0.33 சதுர மில்லிமீட்டர், அளவா இருக்கும். நம்பர் ஏற ஏற வயர் மெலிசாகும்கிறதை வைவாவுக்கு மட்டும் படிச்சிட்டு மறந்துடாதீங்க. டுபான்ட்ல இன்னொரு தொல்லை: பின் இறக்கை தடிமனா மடங்கிடுச்சுன்னா ஹவுசிங்குக்குள்ள போகவே போகாது.

வயரையும் சந்தேகப்படுங்க. மலிவு ஜம்பர் வயர்ல சிலது செம்பு பூசின இரும்பு. காந்தத்தைக் காட்டினா ஒட்டும், நம்பலைன்னா ஹாஸ்டல்ல இருக்கிறதை எடுத்துப் பாருங்க. அதை எந்த டூலால பண்ணாலும் சரியா வராது.

ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் வாங்கறவங்க, உங்க டெர்மினல் பத்து, உங்க வயர் ஒரு முழம் கையில எடுத்துட்டுப் போங்க. டூலை மூடி வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. மேல் வாயும் கீழ் வாயும் நேரா பொருந்தணும். கொஞ்சம் விலகியிருந்தாலும் வேற பீஸ் கேளுங்க. ஒரே மாடல்ல ஒண்ணு நல்லா இருக்கும், பக்கத்துல இருக்கிறது கோணலா இருக்கும். முடிஞ்சா அங்கேயே ஒண்ணு அடிச்சுப் பாருங்க. கைப்பிடி உங்க கைக்குள்ள அடங்குதான்னும் பாருங்க. எங்க ரோவர்ல ஆறு என்கோடர், ஒண்ணுக்கு நாலு வயர், ரெண்டு முனை. மொத்தம் 48 கிரிம்ப். முப்பதாவதுல கை வலிக்க ஆரம்பிச்சா முப்பத்தொண்ணாவது எப்படி வரும்னு யோசிச்சுக்கோங்க. உங்க புராஜெக்ட்ல மொத்தமே பத்துப் பன்னிரண்டு வயர்தான்னா டூலே வேண்டாம், ஏற்கனவே கிரிம்ப் பண்ணின வயரா கிடைக்குது, அதை வாங்கிட்டுப் போங்க.

பண்ணின கிரிம்ப் நல்லதா கெட்டதான்னு எனக்குக் கத்துக் கொடுத்தது எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேப் அண்ணாதான். என் கையில இருந்த டெர்மினலைப் பார்த்துட்டு, "இழுத்துப் பாரு தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு. இழுத்தேன், வந்துடுச்சு. "இப்போ வந்தா நல்லது, அப்புறம் வந்தா தொல்லை"ன்னாரு. யு.எல். 486ஏ ஸ்டாண்டர்டுல 22 ஏ.டபிள்யூ.ஜி. வயருக்கு 8 பவுண்டு இழுவை தாங்கணும்னு இருக்கு, அதாவது சுமார் 3.6 கிலோ. நம்ம குட்டி டெர்மினலுக்கு இதை ஒரு உத்தேச அளவா வச்சுக்கலாம். ஊருக்குப் போகும்போது லக்கேஜ் எடை பார்க்கிற தொங்கு தராசு போதும். மெஷின்ல போற வயரை இப்படி இழுக்காதீங்க; அதே வயர், அதே டூல்ல மூணு சாம்பிள் பண்ணி, அதை இழுத்துப் பார்த்துட்டுத் தூக்கிப் போடுங்க. அப்புறம் லென்ஸ்ல, இல்லைன்னா போன் கேமராவை ஜூம் பண்ணிப் பாருங்க. ரெண்டு ஜோடி இறக்கைக்கும் நடுவுல இருக்கிற சந்துல கொஞ்சம் செம்பும் தெரியணும், கொஞ்சம் தோலும் தெரியணும். ஏதாவது ஒண்ணுதான் தெரியுதுன்னா அது தப்பு.

எனக்குக் கோபம் வர்ற இடம் பட்ஜெட். எங்க கிளப் அந்த வருஷம் ஒரு டெப்த் கேமரா வாங்குச்சு. விலை சொன்னா அப்பா திட்டுவாரு. அது ரோவர்ல மொத்தம் பதினோரு மீட்டர் பார்த்தது. அதே லிஸ்ட்ல கிரிம்பிங் டூலும் இருந்தது. "டூல்ஸ் எல்லாம் லேப்ல வாங்கிக்கலாம்"னு அந்த வரியை அடிச்சாங்க. அடிச்ச மீட்டிங்ல நானும் இருந்தேன், தலையாட்டினேன். டெப்த் கேமராவோட போட்டோ எடுத்துப் போஸ்ட் போடலாம், பிளையரோட போட்டோவுக்கு யாரு லைக் போடுவா?

இந்த வருஷ டீம்ல விதி ஒண்ணு வச்சிருக்கோம். கிரிம்ப் பண்றவங்க அந்த கனெக்டர் மேல டேப் ஒட்டி இனிஷியல் எழுதணும். யாரைப் பிடிக்கலாம்னு இல்ல. பீல்டுல ஏதாவது விட்டுப் போச்சுன்னா கோடைத் திறக்கறதுக்கு முன்னாடி முதல்ல வயரை இழுத்துப் பார்க்கணும்கிறதுக்காக. 48-ல ஒன்பது என்னோட இனிஷியல்.

அந்த ஜூனியருக்கு, வயர் கையோட வந்த அன்னிக்கே ராத்திரி மெசேஜ் போட்டேன். கழண்ட வயரோட போட்டோவும், "தப்பு என்னோடதுடா, கோட் சரியாத்தான் இருந்தது, சாரி"ன்னும். ரெண்டு நீல டிக் வந்தது. பதில் வரல. போன மாசம் கேன்டீன்ல பார்த்தப்போ, "அண்ணா, இப்போ என்ன டூல் வச்சிருக்கீங்க?"ன்னு மட்டும் கேட்டான். சொன்னேன். "எங்க டிபார்ட்மென்ட் புராஜெக்டுக்கு ரெண்டு நாள் வேணும்"னான்.

கொடுத்திருக்கேன். கிளப் ரெஜிஸ்டர்ல என் பேர்ல என்ட்ரி இருக்கு, யாரும் தேடாதீங்க.