நீரை விலக்குவதா, நீரைக் கற்பதா?

கடந்த கோடை விடுமுறையின் இறுதியில் ஒரு தாயார் தம் மகனுடன் என் அறைக்கு வந்தார். மகனுக்கு 19 வயது. வலிப்பு நோய்க்கு ஒழுங்காக மாத்திரை உட்கொள்பவர். இரண்டு ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. கல்லூரி நண்பர்கள் சென்னைக்குச் சென்று ‘கயாக்’ எனப்படும் சிறு துடுப்புப் படகு ஓட்டப் போகிறார்கள், இவரையும் அழைத்திருக்கிறார்கள். “தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர்” என்றார் தாயார்.

சில ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் நான் அவ்வாறே சொல்லியிருப்பேன். இம்முறை சொல்லவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, என்னுடைய பழைய தவறு. மருத்துவப் பணியின் தொடக்கக் காலத்தில், இதே நோயுடைய ஓர் இளைஞரைக் கடலுக்கும் படகுக்கும் போக வேண்டாம் என எச்சரித்து அனுப்பினேன். அவர் என் சொல்லைக் கடைப்பிடித்தார். ஆனால், நாள்தோறும் எங்கே குளிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வயல் கிணற்றில் தனியே குளித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து அவர் உயிரிழந்தார். அவர் ஒருபோதும் போகாத நீரைப் பற்றி எச்சரித்த நான், அன்றாடம் இறங்கிய நீரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டாவது, இந்தக் கோடையில் நான் பெற்ற அனுபவம். நாற்பதைக் கடந்த எனக்கு எடையும் இரத்தச் சர்க்கரையும் எல்லைக்கோட்டை நெருங்கியிருந்தன. நோயாளிகளுக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்துவிட்டு நான் நாற்காலியிலேயே அமர்ந்திருப்பது முறையன்று எனத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியலில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கழிமுகத்தில் கயாக் பயின்றேன். ஒரு நண்பரின் அழைப்பில், சிறுவர்கள் பங்கேற்ற பாய்மரப் படகுப் பந்தயத்தையும் கண்டேன்.

பயிற்சியின் முதல் பாடம் படகை ஓட்டுவது அன்று, கவிழ்ப்பது. உயிர்காப்பு அங்கியை அணிந்து, வார்களை இறுக்கி, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து நீரில் விழச் செய்தார்கள். விழுந்தவர் கரையை நோக்கி நீந்தக் கூடாது. மிதக்கும் படகைப் பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டும். இதைப் பலமுறை செய்த பின்னரே துடுப்பைக் கையில் கொடுத்தார்கள். பந்தயத்திலும் அதே ஒழுங்கைக் கண்டேன். நீரில் இறங்கும் படகுகளை எண்ணுகிறார்கள். கரை திரும்பும்போது மீண்டும் எண்ணுகிறார்கள். மீட்புப் படகு அருகிலேயே நிற்கிறது. காற்று மிகுந்தால் பந்தயத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

பாய்மரப் பந்தய விதிகளில் முதல் விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பதுதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில், இரண்டாம் இடத்தில் விரைந்துகொண்டிருந்த கனடா வீரர் லாரன்ஸ் லெமியூ, பந்தயத்தை விட்டு விலகி, படகு கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர்களைக் காப்பாற்றினார். வெற்றியைவிட உயிரை மேலாக வைக்கும் விளையாட்டு இது.

இதெல்லாம் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் எண்ணலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கப்பட்டது; ஆயினும் இவ்விளையாட்டு இன்றும் நம் சிற்றூர்களை எட்டவில்லை. எனினும், வாய்ப்புக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று உண்டு. 2009ஆம் ஆண்டு கோடை முகாம் ஒன்றில் முதன்முதலாகப் பாய்மரப் படகேறிய சென்னைச் சிறுமி நேத்ரா குமணன், டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்று, பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

நமக்கு உடனடித் தேவை படகுகள் அல்ல, அப்படகோட்டிகளின் பழக்கங்கள். பள்ளிப்பட்டு வழியே ஓடும் கொசஸ்தலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூரில் கடலை அடைகிறது. அந்த வழி நெடுகிலும் ஏரிகள், குளங்கள், கிணறுகள், கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகள். நம் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியில் 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

‘போகாதே’ என்ற ஒற்றைச் சொல் இதற்கு மருந்தாகாது. தடுக்கப்பட்ட பிள்ளை பெற்றோர் அறியாமல் போகிறது. மூழ்கும்போது அருகில் பெரியவர் எவரும் இருப்பதில்லை. ஆறு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

நோயாளிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே: ‘போகலாமா, கூடாதா’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எந்த நிபந்தனைகளுடன் போகலாம்’ என்றும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாரடைப்புக்குப் பின் விரைந்து நடக்கும் அளவுக்குத் தேறியவர், மருத்துவரின் ஒப்புதலுடன் அமைதியான நீரில் மெல்லத் துடுப்பு வலிக்கலாம். போட்டி வேகம் வேண்டா. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், மருத்துவர் அனுமதிக்கும் வரை, முதற்சில வாரங்கள் துடுப்பைத் தொடக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் புறப்படும் முன் சர்க்கரையைச் சோதித்து, நீர் புகாத உறையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்பவர்களுக்குத் தலையில் படும் சிறு அடியும் ஆபத்தாகலாம்.

வலிப்பு நோயாளிகளுக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. நெடுநாள் வலிப்பின்றி இருக்க வேண்டும். மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. தனியே படகேறவே கூடாது. கயாக் ஓட்டுவோர் வழக்கமாக அணியும் மிதவைச் சட்டை, நினைவிழந்தவரின் முகத்தை நீருக்கு மேல் திருப்பி வைக்காது. அதற்கெனவே செய்யப்பட்ட, கழுத்துப் பகுதியுடைய உயிர்காப்பு அங்கிதான் வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாதவர் பலர்.

ஒருவர் மூழ்குவதைக் கண்டால், பயிற்சியின்றி நீரில் குதிக்காதீர்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நால்வர் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தம் சேலைகளை வீசி இருவரைக் காப்பாற்றினர். கயிறோ கொம்போ வேட்டியோ போதும். கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் தீங்கு. 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையெனில், முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, பின்னர் 30 முறை மார்பை அழுத்துதல், இரண்டு முறை மூச்சூட்டுதல் என்று மாறி மாறித் தொடருங்கள். மூளை சில நிமிடங்களே தாங்கும்.

அந்தத் தாயாரிடமும் மகனிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி: “தம்பி, தினமும் எங்கே குளிக்கிறீர்கள்?” கிணற்றில் என்றார். அன்று கயாக்கைப் பற்றிப் பேசியதைவிடக் கிணற்றைப் பற்றியே அதிகம் பேசினோம். இனி வீட்டில் அமர்ந்து, வாளி நீரை மொண்டு, கதவைத் தாழிடாமல் குளிப்பதாக ஒப்புக்கொண்டார். பிறகுதான் இருவர் அமரும் படகு, தகுந்த அங்கி, பயிற்றுநரிடம் நோயை மறைக்காமை ஆகிய நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தேன்.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். மகன் முன்னிருக்கையில் அமர்ந்து ஒரு மணி நேரம் துடுப்பு வலித்தாராம். தாயார் கரையிலேயே நின்றிருந்தாராம். “இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, டாக்டர்” என்றார். இருக்கட்டும், அம்மா. அந்தப் பயத்தோடு கிணற்றடியையும் கவனியுங்கள் என்றேன்.